அந்தப் பக்கமும் ஒரு தடவை

ஏப்ரல் 2

பம்ப் கம்பெனியில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாக ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து கிடந்தது. இன்று துடைத்து எடுத்தேன். எங்காவது கொட்டாவிட்டால் வயிறு வெந்துவிடும்.

காரணம் தரணி. தரணீதரன். கார்களை ஓட்டிப் பார்த்து வீடியோ போடுகிறவன். இன்றைக்கு அந்தத் தடியன் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்கிறான்: "பிளக்க மாட்டி சார்ஜ் ஏத்தி ஓட்டற வண்டிக்குப் பேரு காருங்களா? அது மிக்சிங்க! என்ற பெட்ரோல் வண்டி கூட பிக்கப்புல ஒருக்கா நின்னு காட்டட்டும். தோத்தா இந்த மீசைய எடுத்துக்கறேன்."

ஏழு வருடம் அவனோடு நின்றவள் நான். அவன் கேமரா முன்னால் பேசுவான், நான் நேரம் எடுப்பேன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று எந்தக் காருக்கும் புள்ளி வைத்துச் சொல்வேன். "அரசிக்கா எடுத்த நேரம்னா கல்வெட்டு" என்று கோயமுத்தூரில் மெக்கானிக்குகள் சொன்ன காலம் உண்டு.

இரண்டு வருடம் முன்பு ஒரு காருக்கு 5.2 என்று போட்டோம். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் அதே காரை ஓட்டி 5.4 என்று நிரூபித்தார். நாங்கள் ஓட்டிய தளம் ஒரு பக்கம் ஆறடி சரிவு. அதனால் இரண்டு பக்கமும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும், அதுதான் முறை. அன்றைக்கு இறக்கத்தில் மட்டும் ஓட்டியிருந்தோம். ஊரே சிரித்தது. தரணி நேரலையில் வந்து, "நேரம் எடுத்தது அரசிக்காங்க, தப்பு நடந்துருச்சு, மன்னிச்சுக்கங்க" என்று ஒரே வரியில் என் கதையை முடித்தான்.

ஒரு பக்கம் போதும் என்று சொன்னவன் அவன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏப்ரல் 3

நான் இப்போது சென்னியப்பண்ணன் ஷோரூமில் இருக்கிறேன். ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கான கார்கள் என் பொறுப்பு. அவற்றில் புதிதாக வந்திருப்பது ஒரு பிளக்-இன் ஹைப்ரிட் செடான். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, வீட்டில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் மோட்டாரும் உண்டு. இரண்டும் சேர்ந்து இழுக்கும். தரணி மிக்சி என்றது இதைத்தான்.

அண்ணனிடம் வீடியோவைக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"நம்ம வண்டியவா மிக்சிங்கறான்? ஏன் அம்மிணி, இவன நீ ஒரு கை பாக்கறியா?"

"பாக்கறனுங்க. நானே ஓட்டறனுங்க."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிவிட்டு நல்ல பிள்ளைபோல் சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4

அவன் வீடியோவுக்குக் கீழே 'உண்மை விளம்பி' என்ற பெயரில் ஏழு கமெண்ட் போட்டேன். இட்லிக்கு அரைத்தேன்.

ஏப்ரல் 7

தரணிக்கு நானே போன் செய்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"அக்கா! நல்லாருக்கீங்களா?"

"நான் நல்லாருக்கறது இருக்கட்டும். மிக்சி வருது. உன்ற வண்டியோட வா."

 "வர்றனுங்க்கா. நேரம் எடுக்கறது யாருங்க?" என்றான்.

யாரை வைத்தாலும் நான் குற்றம் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் ஃபிலோமினா டீச்சரைச் சொன்னான். பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் ஆட்டோமொபைல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்குமே அவர்தான் டீச்சர். சொந்தத் தம்பி மகனையே அரை மதிப்பெண்ணில் ஃபெயில் ஆக்கியவர். சரி என்றேன்.

"விதியெல்லாம் நீங்களே எழுதிருங்க்கா. நான் பாக்கக்கூட மாட்டேன்" என்றான். என்ன திமிர்! எழுதுகிறேன் கண்ணா, எழுதுகிறேன்.

ஏப்ரல் 10

விதிகள் எழுதி முடித்தேன். நான்கே வரி. கையெழுத்து முத்து முத்தாக வந்திருக்கிறது.

ஒன்று: இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு. இடம் பல்லடம் தாண்டி மூடிக்கிடக்கும் மில்லின் பழைய விமான ஓடுதளம், நாங்கள் வழக்கமாக ஓட்டியதுதான். இரண்டு: முதலில் இறக்கப் பக்கம் மூன்று ஓட்டம், பிறகு ஏற்றப் பக்கம் மூன்று ஓட்டம். மூன்று: ஒவ்வொரு பக்கத்திலும் சிறந்த நேரத்தை எடுத்துச் சராசரி. நான்கு: ஓட்டங்களுக்கு நடுவே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கிற வண்டி தோற்ற வண்டி.

நான்காவது வரிக்காகத்தான் மற்ற மூன்றும். தரணியின் சிவப்புப் பெட்ரோல் செடானில் டர்போ உண்டு. காலையில் குளிர்ந்த காற்றில் அதை யாரும் பிடிக்க முடியாது. உச்சி வெயிலில் மூன்று முறை அடித்து ஓட்டினால் இன்ஜின் மூச்சு வாங்கும், கியர்பாக்ஸ் கொதித்து, "ஆறவிடு" என்று முன்னால் எழுத்துப் போட்டுப் படுத்துக்கொள்ளும். ஆற இருபத்தைந்து நிமிடம் வேண்டும். என் வண்டியில் மோட்டாருக்கு அந்தக் கதை இல்லை, மிதித்த உடனே பாயும்.

சூழ்ச்சியா? சூழ்ச்சிதான். என்னைச் சந்தியில் நிறுத்தியவனுக்குப் பந்தி விரிக்கவா முடியும்?

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், பருப்பு வடை. இவர் நான்கு வடை தின்றுவிட்டு பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார்.

தையல் பெட்டியில் பாபினுக்கு நடுவே பென் டிரைவ் கிடைத்தது. அன்றைக்கு, அந்த 5.2 நாளில், காருக்குள் இருந்த கேமரா பதிவு. வேலையை விட்டு வரும்போது எடுத்து வந்தேன். இதுவரை திறக்கவில்லை. திறக்க என்ன அவசியம்? உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

தரணிக்குச் செய்தி அனுப்பினேன்: "அன்னைக்கு ஒரு பக்கம் போதும்னு நீ சொன்ன பதிவு என்கிட்ட இருக்கு. ஜெயிச்ச கையோட உன் நேரலையிலயே போடுவேன்."

பதில் வந்தது: "போடுங்க்கா."

அவ்வளவுதான். கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தேன். பச்சடியில் வெல்லம் தூக்கலாகிவிட்டது, யாருமே சொல்லவில்லை.

ஏப்ரல் 16

காலையில் ஓடுதளத்தில் ஒத்திகை. பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் 5.7, அலுங்காமல் குலுங்காமல். ஒரு ஓட்டம் ஓடித் திரும்பி வரப் பேட்டரியில் சுமார் இருபது விழுக்காடு போகிறது. கால்வாசிக்குக் கீழே இறங்கினால் மோட்டார் கைவிட்டுவிடும், பெட்ரோல் இன்ஜின் அவ்வளவு எடையையும் தனியாக இழுத்துத் திணறும். அதுதான் இந்த வண்டியின் ஊனம். பத்து நிமிட விதி இருக்கும்வரை ஏற்றப் பக்கம் ஓட்ட வேண்டிய தேவையே வராது.

தரணியின் மீசையை எந்த சலூனில் எடுப்பது என்று சென்னியப்பண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 18

பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். ஒலி தெளிவாக இல்லை.

ஏப்ரல் 19

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். இரண்டு முறை.

ஏப்ரல் 21

இவர் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "அந்த 5.2 வண்டிய ஓட்டுன நாளுதான அரசி, என்ற தங்கச்சி வளைகாப்பு? நீ வரவே மாட்டேன்னு எல்லாரும் நெனச்சோம். நாலரைக்கே டாண்ணு வந்து நின்னியே!"

"இப்ப அதுக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு பக்கமும் ஓட்டிட்டு, பல்லடத்துல இருந்து நாலரைக்கு எப்படி வந்தேன்னு..."

"நான் ஓட்டலைன்னுதான ஊரே சிரிச்சுது! நீங்களும் சிரிங்க!"

சாம்பார்க் கரண்டியை வைத்த வேகத்தில் அவர் சட்டையெல்லாம் சாம்பார். பாவம், அவர் கேட்டதில் தப்பில்லை. சட்டையை ஊறவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 24

'உண்மை விளம்பி'யின் கமெண்ட் ஒன்றைத் தரணி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேலே தூக்கி வைத்திருக்கிறான். அதற்குக் கீழே அவன் பதில்: "ஐயா சொல்றது சரி. கோயமுத்தூர்ல 'விநாடி'ன்னு எழுதறவங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் செகண்டுன்னுதான் எழுதறோம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறான்! எழுபதுக்கு மேல் கமெண்ட் போட்டிருக்கிறேன். நாசமாய்ப் போக. அந்த மீசையை நானே என் கையால் வழிக்காவிட்டால் என் பேர் மங்கையர்க்கரசி இல்லை.

பென் டிரைவைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தையல் பெட்டியில் போட்டேன். மறுபடி கைப்பைக்கு மாற்றினேன்.

ஏப்ரல் 28

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குத் தார் மேல் கானல் ஓடியது. ஃபிலோமினா டீச்சர் வெள்ளைச் சேலையில், மடியில் நேரம் எடுக்கும் கருவியும் நோட்டுமாக, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நிழல் என்று பேருக்கு ஒரு வேலிகாத்தான் மரம். தரணி அவன் போனை ஸ்டாண்டில் நிறுத்தி நேரலையைத் தொடங்கினான். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று சென்னியப்பண்ணன் என் காதில் சொன்னார்.

இறக்கப் பக்கம். டீச்சர் கையை இறக்கினார், இரண்டு பேரும் மிதித்தோம். முதல் இருபது மீட்டரிலேயே அவன் சிவப்பு மூக்கு என் பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் போனது. கத்தினேன், காருக்குள் தனியாக உட்கார்ந்து, "வாடா! வா!" என்று. இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற சத்தம். மூன்று ஓட்டத்திலும் அதே கதை. என் சிறந்த நேரம் 5.71. அவனுக்கு 5.80, அதுவும் முதல் ஓட்டத்தில். அடுத்த இரண்டும் அதைவிட மோசம்.

மூன்றாவது முடிந்ததும் நான் நினைத்தபடியே நடந்தது. அவன் வண்டி "ஆறவிடு" என்று எழுத்துப் போட்டுப் படுத்தது. என் பேட்டரியில் இன்னும் முப்பத்தெட்டு விழுக்காடு. டீச்சர் விதித்தாளை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"பத்து நிமிஷம். அதுக்கு மேல நிக்கற வண்டி தோத்துது. அரசி, இது நீ எழுதுனதா?"

"ஆமாங்க டீச்சர்."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். செய்முறைத் தேர்வில் விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்குப் போடுகிறவனை அப்படித்தான் பார்ப்பார். சென்னியப்பண்ணன், "சலூனுக்குச் சொல்லியாச்சு!" என்று துண்டைச் சுழற்றினார்.

எட்டாவது நிமிடம் தரணி என் ஜன்னலுக்கு வந்தான். முகம் வேர்த்து வழிந்தது. காலரில் மைக் குத்தியிருந்தது, எல்லோருக்கும் கேட்கும்.

"அக்கா, அந்தப் பக்கமும் ஒரு தடவ ஓட்டிரலாமுங்களா?"

ஏப்ரல் 18-ஆம் தேதி ஒலி தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். தெளிவாகக் கேட்டது. அந்தப் பதிவில் தரணி இதே வார்த்தைகளை இதே வரிசையில் கேட்கிறான். பதில் சொல்வது என் குரல்: "வேண்டா தரணி. மணி மூணரை ஆகப் போகுது, நான் வளைகாப்புக்குப் போகோணும். ரோடு மட்டந்தான், எழுதிக்கோ." இரண்டு வருடமாக அவன் சொன்னதாக நினைத்தது, அவன் சொன்னதாகவே சத்தியம் பண்ணத் தயாராக இருந்தது, என் வாயிலிருந்து வந்தது.

வேண்டுமென்றே கேட்டானா, தானாக வாயில் வந்ததா, தெரியாது. "முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விதி என் பக்கம், மீசை என் கையில். ஆனால் மறுபடியும் இறக்கத்தில் மட்டும் ஓட்டிய நேரத்துக்கு என் பேரைப் போட்டுக்கொள்ள வேண்டும். நாற்பதாயிரம் பேருக்கு முன்னால், அதே ரோட்டில். அவன்மேல் எனக்கு அதுவரை வராத கோபம் வந்தது.

"ஆற எவ்ளோ நேரமாகும்?" என்றேன்.

"இருவத்தஞ்சு நிமிசங்க்கா."

"ஆறட்டும். டீச்சர், நாலாவது வரிய அடிச்சுருங்க."

டீச்சர் அடித்தார். ஸ்கேல் வைத்து அடித்தார்.

சென்னியப்பண்ணன் ஓடி வந்தார். "அம்மிணி, உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்குதா? கைல இருக்கற வெண்ணெய விட்டுட்டு!"

"ரெண்டு பக்கமும் ஓட்டறதுதானுங்க முறை" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் டீச்சருக்குத் தலை சுற்றியது. எழுபது வயது, அந்த வெயில். என் காரில் படுக்கவைத்து ஏசியைப் போட்டேன். ஏசிக்கும் அதே பேட்டரிதான். முப்பத்தெட்டு முப்பதானது. எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே டீச்சருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தேன். அணைக்கவா முடியும்?

ஏற்றப் பக்கம். முதல் ஓட்டத்தில் பாதி தூரம் மோட்டார் கூட வந்தது, பிறகு கைவிட்டது. 6.07. அடுத்த இரண்டைச் சொல்லாமல் இருப்பது நல்லது. ஆறிய தரணி 5.92.

டீச்சர் மோர்ச் சொம்போடு எழுந்து நின்று படித்தார். "பெட்ரோல் வண்டி சராசரி 5.86. ஹைப்ரிட் 5.89. பெட்ரோல் வண்டி ஜெயிச்சுது."

0.03. கண் இமைக்கவே அதைவிட நேரமாகும்.

பென் டிரைவைச் செருகச் சொன்னேன். தரணி, "வேண்டாமுங்க்கா, அதான் முடிஞ்சு போச்சே" என்றான். நானே செருகி, வண்டியின் ஸ்பீக்கரில் வைத்து, கதவை நான்கையும் திறந்துவிட்டேன். அவன் கேள்வி, என் பதில், எல்லாம் வெட்ட வெளியில் கேட்டது. வளைகாப்பு உட்பட.

"தப்பு என்னுது. ரெண்டு வருஷமா இவன் மேல போட்டுட்டு இருந்தேன்" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது, அதற்கும் சேர்த்துத் தரணி மேல்தான் ஆத்திரம்.

நேரலையை அணைத்த பிறகு கேட்டேன். "கேமரா உன்னுது. உன்கிட்டயும் இருந்திருக்கும். ஏன்டா போடல?"

அவன் காலால் தாரைத் தேய்த்தான். "கடைசி வரைக்கும் கேட்டீங்களாக்கா? நீங்க மட்டம்னதும் நான் 'சரீங்க்கா, இறக்கத்துல நம்பரும் நல்லா வந்திருக்குது'ன்னு சொல்லுவேன். அதப் போட்டா நானுந்தான மாட்டுவேன். அதனால நீங்கன்னு ஒரு வரில முடிச்சுட்டேன்."

நான் கடைசி வரை கேட்டிருக்கவில்லை. என் குரல் வந்ததும் நிறுத்திவிட்டேன், ஏப்ரல் 18-இலும், இன்றைக்கும்.

அடப்பாவி! அவனும் யோக்கியன் இல்லை! வீடு வரும்வரை அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இவர் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஏப்ரல் 29

வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் ஷோரூமுக்குப் போனேன். சென்னியப்பண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். பதினோரு மணிக்கு ஒரு தம்பதி வந்து, "நேத்து தோத்த வண்டிய ஓட்டிப் பாக்கோணும், அந்த அக்காவே கூட வரோணும்" என்றார்கள். அண்ணன் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். 

மதியம் தரணி ஒரு வீடியோ போட்டான். பதிவைக் கடைசி வரை ஓடவிட்டு, "சரீங்க்கான்னு சொன்னது நானுங்க" என்றான். போடச் சொல்லி மிரட்டியது நான்தான், காலை ஆறு மணிக்குப் போன் போட்டு. 'உண்மை விளம்பி' அதன் கீழே கடைசிக் கமெண்ட் எழுதினார்: "இருவருமே குற்றவாளிகள். வித்தியாசம் 0.03 விநாடி." சொந்தப் பேரையும் கீழே போட்டேன்.

மீசை மட்டும் அப்படியே இருக்கிறது. வீடியோ முழுக்க முறுக்கிக்கொண்டேதான் பேசினான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி, இரண்டு பக்கமும், ஆற எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். "மீசை பந்தயம் அப்படியே இருக்குதுங்களா அக்கா?" என்றான். "அதுக்குத்தான்டா வர்றேன்" என்றேன்.

சாயங்காலம் கடைவீதிக்குப் போக வேண்டும். டீச்சருக்கு ஒரு குடை. பெரிய குடை.